ஐம்பது கே.பி.க்குள் ஒரு முகம்

“புகைப்படம் 20 கே.பி. முதல் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும்.” வங்கித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாகவே ஆகியிருக்கும். ஐ.பி.பி.எஸ். அறிவிப்பில் கையெழுத்துக்கு 10 முதல் 20 கே.பி., இடது பெருவிரல் ரேகைக்கு 20 முதல் 50 கே.பி., கைப்பட எழுதும் உறுதிமொழிக்கு 50 முதல் 100 கே.பி. என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. நம் கையில் இருக்கும் போனோ, ஒரு தட்டுத் தட்டினால் 4 எம்.பி.க்கு ஒரு போட்டோவைக் கொடுக்கிறது. அனுமதித்த அளவைப் போல எண்பது மடங்கு!

கடைசித் தேதி நெருங்கும்போது ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில் போய் நின்று பாருங்கள்.

“அண்ணா, போட்டோ ஏறவே மாட்டேங்குது. சைஸ் அதிகம்னு வருது.”

“கொடும்மா, குறைச்சுடலாம்.”

மவுஸ் நாலு தடவை கிளிக் ஆகும்.

“ஏறிடுச்சு. அடுத்து சைன் போட்ட பேப்பரைக் கொடு.”

அவ்வளவுதான். 4 எம்.பி.யில் இருந்த அதே முகம், அதே பொட்டு, அதே சிரிப்பு, 40 கே.பி.யில் திரையில் நிற்கிறது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு போய்விட்டது. போனது கண்ணுக்கே தெரியவில்லை! அந்த நாலு கிளிக்குக்குப் பின்னால் நடப்பதைப் போல அழகான வித்தை வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். வாருங்கள், திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகலாம். வெளியே வரும்போது, ஒரு பைசா செலவில்லாமல் எந்தப் போட்டோவையும் நீங்களே சுருக்கிவிடுவீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. 12 மெகாபிக்சல் போட்டோ என்றால் அகலத்தில் 4000 புள்ளி, உயரத்தில் 3000 புள்ளி. மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள். எண்ணுக்கு ஒரு பைட். பெருக்கினால் 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 36 எம்.பி. போன் நம்மிடம் கொடுத்ததோ 4 எம்.பி.தான். நாம் குறைக்க ஆரம்பிக்கும் முன்பே, கேமரா கிளிக்கிய அந்த நொடியிலேயே, ஒன்பதில் எட்டுப் பங்கு கழிந்துவிட்டது!

கழித்தவர் பெயர் ஜேபெக். 1986-ல் கூடிய புகைப்பட நிபுணர் குழுவின் பெயர்ச் சுருக்கம் அது. அவர்கள் வகுத்த தரநிலை 1992-ல் வெளியானது. முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் இன்றைக்கு விண்ணப்பப் படிவங்கள் கேட்பது இந்த ஃபைலைத்தான்.

ஜேபெக் செய்யும் முதல் காரியம் நம் கண்ணை நன்றாகத் தெரிந்துகொண்டவர் செய்வது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை மிக நுணுக்கமாகப் பார்க்கும். நிற வேறுபாட்டில் அவ்வளவு கறார் கிடையாது. ஆகவே போட்டோவை வெளிச்சம் தனி, நிறம் தனி என்று பிரித்துக்கொள்கிறது. வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி அப்படியே வைத்துக்கொள்கிறது. நிறத்தை மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கு புள்ளிகளுக்கும் பொதுவாக ஒன்று என்று பங்கிட்டுவிடுகிறது. நான்கு புள்ளிக்குப் பன்னிரண்டு எண்கள் தேவைப்பட்ட இடத்தில் இப்போது ஆறே போதும். சரிபாதி போயிற்று, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை!

அடுத்ததுதான் எனக்கு உயிர். போட்டோ முழுவதையும் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட குட்டிக் கட்டங்களாக வெட்டுகிறது. ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள். இந்த 64 எண்களை அப்படியே எழுதி வைக்காமல், ஒரு மசாலாக் கணக்காக மாற்றுகிறது. அறுபத்து நான்கு அறை உள்ள ஓர் அஞ்சறைப் பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் அறையில் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்த அறைகளில் அலைகள்: இடமிருந்து வலமாக மெல்ல மாறும் அலை, மேலிருந்து கீழாக மாறும் அலை, இரண்டும் கலந்தது, இன்னும் நெருக்கமானது என்று போய், கடைசி அறையில் புள்ளிக்குப் புள்ளி கறுப்பு வெள்ளையாக மாறும் அதிநெருக்கமான அலை. உலகத்தில் எந்த 64 புள்ளிக் கட்டமாக இருந்தாலும் சரி, இந்த அறுபத்து நான்கிலிருந்து இதில் இவ்வளவு, அதில் அவ்வளவு என்று எடுத்துக் கலந்தால் அதே கட்டம் கிடைத்துவிடும்.

இதில் என்ன லாபம்? உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரிலிருந்து ஒரு கட்டத்தை எடுங்கள். அறுபத்து நான்கு புள்ளியும் ஏறக்குறைய ஒரே வெள்ளை. முதல் அறையில் ஒரே ஓர் எண். மற்ற அறுபத்து மூன்றும் காலி! கன்னத்தில் ஒரு கட்டம் எடுத்தால், வெளிச்சம் மெல்லச் சாயும், முதல் நாலைந்து அறையோடு கதை முடிந்தது. இப்போது பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையில் ஒரு கட்டத்தை எடுங்கள். கடைசி அறைவரை சரக்கு நிறைந்து வழிகிறது. ஒரே போட்டோ, ஒரே அளவுக் கட்டம். சுவர் கிட்டத்தட்ட ஓசியில் வந்துவிடுகிறது, ஜரிகைதான் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. விண்ணப்பப் போட்டோவுக்கு வெற்றுச் சுவர் பின்னணியும் பூப்போடாத சட்டையும் கே.பி. கணக்கிலும் நல்லது என்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், சுவரில்கூடப் பொடிப்பொடியாகப் புள்ளி தெரியும். வெளிச்சம் போதாமல் கேமரா தடுமாறியதன் அடையாளம் அது. ஜேபெக்குக்கு அந்தப் பொடியும் ஜரிகையும் ஒன்றுதான், எல்லாக் கட்டத்திலும் எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைக்கும். ஜன்னலோரமாகப் பகலில் நின்று எடுத்த போட்டோ, எந்த மென்பொருளையும் தொடாமலே சின்ன ஃபைலாக இருக்கும். காசில்லாத முதல் கருவி வெயில்!

கட்டங்களைப் பிரித்தாயிற்று. இந்த அறைகளிலிருந்து இன்னும் எதையும் தூக்கி எறியவில்லை. எறியும் இடம் இனிமேல்தான் வருகிறது. தரநிலையின் பின்னிணைப்பில் எட்டுக்கு எட்டு எண்களில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதன் முதல் வரிசை 16, 11, 10, 16, 24, 40, 51, 61. கடைசி மூலையில் 99. அறையில் உள்ள எண்ணை, அட்டவணையில் அதே இடத்தில் உள்ள எண்ணால் வகுத்து, கிட்டத்தில் உள்ள முழு எண்ணாக்க வேண்டும். இரண்டாவது அறையில் 45 இருந்தது என்று வையுங்கள். 11-ஆல் வகுத்தால் நாலு சொச்சம், 4 என்று எழுதிக்கொள்கிறது. திரும்ப விரிக்கும்போது 44 வரும். 45-க்கும் 44-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? கடைசி மூலையில் 38 இருந்தால், 99-ஆல் வகுத்தவுடன் பூஜ்யம். அந்த அலை முழுசாகக் காலி. கண் கண்டுபிடிக்காத இடத்தில் தாராளமாகவும், கண் கூர்ந்து பார்க்கும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டும் வெட்டுவதற்காகவே அந்த அட்டவணை அப்படி அமைந்திருக்கிறது.

நாம் இழுக்கும் ‘குவாலிட்டி’ ஸ்லைடர் வேறொன்றுமில்லை, இந்த அட்டவணையைப் பெருக்கும் கைப்பிடி! 1991-லிருந்து இலவசமாகக் கிடைக்கும் லிப்ஜேபெக் என்ற நிரல் தொகுப்பின் வழக்கத்தில் 50 என்று வைத்தால் அட்டவணை அப்படியே இருக்கும். 75 என்றால் எல்லா எண்ணும் பாதியாகும். 90 என்றால் ஐந்தில் ஒரு பங்கு: 16 இருந்த இடத்தில் 3, 99 இருந்த இடத்தில் 20. 100 என்றால் எல்லாமே 1. கீழே 25-க்கு இறங்கினால் எல்லாம் இரட்டிப்பு. ஆக, குவாலிட்டி 75 என்றால் போட்டோவில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தமே இல்லை. 100-லிருந்து 90-க்கு இறங்கும்போது ஃபைல் சரசரவென்று சரிவதும், முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாததும் இதனால்தான். 100-ல் வைத்துச் சேமிப்பது வீண். 80, 85 என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

கடைசியாக மூட்டை கட்டும் வேலை. அறைகளை மூலைவாட்டாக வளைந்து வளைந்து படித்துக்கொண்டே போகிறது. பயனுள்ள எண்கள் முதலில் வந்துவிடும், பூஜ்யங்கள் எல்லாம் வாலில் சேர்ந்துவிடும். வால் தொடங்கும் இடத்தில் ‘இனி எல்லாம் பூஜ்யம்’ என்று ஒரே ஒரு குறி போட்டு முடித்துவிடுகிறது. பிறகு அடிக்கடி வரும் எண்ணுக்குக் குட்டிக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியீடு. இந்தக் குறியீட்டு முறையைக் கண்டுபிடித்த டேவிட் ஹஃப்மன் 1951-ல் எம்.ஐ.டி.யில் மாணவர். கடைசிப் பரீட்சை எழுதுகிறாயா, இல்லை ஒரு கட்டுரை எழுதித் தருகிறாயா என்று பேராசிரியர் ராபர்ட் ஃபேனோ கேட்க, கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். ஆசிரியரின் முறையைவிடச் சிறந்த முறையோடு வந்து நின்றார்! இன்றைக்கு நம் போட்டோ ஒவ்வொன்றிலும் அந்தக் கட்டுரை வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்த அறுபத்து நான்கு அலைக் கணக்கைக் கொடுத்தவரின் கதை இதைவிடப் பெரிது. நாசிர் அகமது, 1940-ல் பெங்களூரில் பிறந்தவர். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். 1972-ல் இந்த யோசனையை எழுதி, ஆய்வு நிதி கேட்டு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அனுப்பினார். நிதி கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிதாக இருக்கிறது என்றார் மதிப்பிட்டவர்களில் ஒருவர்! அகமது விடவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டு, கோடை மாதங்களில் வருமானம் இல்லாமலேயே உட்கார்ந்து வேலை செய்தார். அவரும், அவரிடம் ஆய்வு செய்த டி. நடராஜனும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த நண்பர் கே. ஆர். ராவும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. ராவ் நம் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டுப் போனவர். வீடியோ, பாட்டு ஃபைல் இவற்றின் சுருக்கத்திலும் இதே குடும்பத்துக் கணக்குதான் ஓடுகிறது. ‘ரொம்ப எளிது’ என்று திருப்பி அனுப்பிய யோசனை இல்லையென்றால், வாட்ஸ்அப்பில் ஒரு குட்மார்னிங் போட்டோகூட வராது. இந்த மூன்று பெயர்களையும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இனி நம் கைவேலை

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டதா? இனி வரிசை தானாகப் புரியும். முதலில் க்ராப், அடுத்து ரீசைஸ், கடைசியில் குவாலிட்டி. பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். 4000 புள்ளி அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு குவாலிட்டியை மட்டும் அடிமட்டத்துக்கு இழுக்கிறார்கள். கோடிக்கணக்கான புள்ளிகளை 50 கே.பி.க்குள் திணித்தால் முகம் கட்டம் கட்டமாக உடையாமல் என்ன செய்யும்?

சரியான வரிசையில் போய்ப் பாருங்கள். பாஸ்போர்ட் சைஸ் என்பது மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர். நல்ல அச்சுக்கான அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அது 413-க்கு 531 பிக்சல். தலையும் தோளும் மட்டும் இருக்கும்படி ஏழுக்கு ஒன்பது விகிதத்தில் க்ராப் செய்து, இந்த அளவுக்கு ரீசைஸ் செய்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 2 லட்சத்து 19 ஆயிரம் புள்ளிகள். ஒரு கோடியே இருபது லட்சத்தில் ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு! குவாலிட்டியைத் தொடாமலேயே 4 எம்.பி. போட்டோ சுமாராக 75 கே.பி.க்கு வந்து நிற்கும். அப்புறம் ஸ்லைடரை 80 பக்கம் கொண்டு போனால் 50-க்குள் உட்கார்ந்துவிடும். முகம் பளிச்சென்று இருக்கும்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் பெயின்ட் போதும். யாரும் மதிக்காமல் ஒரு மூலையில் கிடக்கும் அந்தப் பெயின்ட்தான்! செலக்ட் செய்து க்ராப். பிறகு கண்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினால் ரீசைஸ் பெட்டி வரும். பிக்சல் என்பதைத் தேர்ந்தெடுத்து அகலத்தில் 413 என்று அடியுங்கள். அகலமும் உயரமும் சேர்ந்தே மாறும்படியான டிக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் முகம் இழுபட்டுவிடும். ஜேபெக்காகச் சேமித்துவிட்டு கண்ட்ரோலும் ஈயும் அழுத்தினால் எத்தனை கே.பி. என்று காட்டும். பெயின்டில் குவாலிட்டி ஸ்லைடர் கிடையாது. அது வேண்டுமென்றால் விண்டோஸ் 11-ன் போட்டோஸ் செயலியில் ரீசைஸ் இமேஜ் என்ற வசதி இருக்கிறது. மேக்கில் ப்ரிவ்யூ, அதில் எக்ஸ்போர்ட் போனால் ஸ்லைடரை நகர்த்த நகர்த்தக் கீழே ஃபைல் சைஸ் மாறிக்கொண்டே வரும். ஐபோனில் போட்டோவை மெயிலில் இணைத்து உங்களுக்கே அனுப்பினால் ஸ்மால், மீடியம், லார்ஜ் எது வேண்டும் என்று அதுவே கேட்கும்.

ஆனால் என் மனசைக் கொள்ளையடித்தது ஸ்க்வூஷ். கூகுள் குரோம் குழுவினர் 2018-ல் வெளியிட்ட இலவசக் கருவி. ஸ்க்வூஷ் டாட் ஆப் என்று பிரவுசரில் அடித்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம், போனிலும் திறக்கும். போட்டோவை உள்ளே போட்டதும் நடுவில் ஒரு கோடு வரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் அசல், அந்தப் பக்கம் சுருக்கியது. கோட்டை மூக்கின் மேல் அங்கும் இங்கும் இழுத்து வித்தியாசம் தெரிகிறதா என்று தேடலாம். ரீசைஸ் அதிலேயே உண்டு. மோஸ்ஜேபெக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொஸில்லா 2014-ல் கொண்டுவந்த சுருக்கும் நிரல் அது. எந்த அறையில் எந்த எண்ணை விட்டால் நஷ்டம் குறைவு என்று இன்னும் பொறுமையாகக் கணக்குப் போட்டு, அதே தரத்துக்கு ஃபைலை மேலும் இளைக்க வைக்கும். வெளியே வருவதோ எல்லா இடத்திலும் திறக்கும் சாதாரண ஜேபெக்தான்.

இன்னொரு காரணத்துக்காகவும் ஸ்க்வூஷை நான் எல்லோரிடமும் சொல்வேன். வேலை முழுவதும் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது, போட்டோ வெளியே எந்த சர்வருக்கும் போவதில்லை. ஒருமுறை திறந்துவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். ‘போட்டோ சைஸ் குறைக்க’ என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும் இணையதளங்களில் பல, உங்கள் ஃபைலைத் தங்கள் சர்வருக்கு ஏற்றிக்கொண்டு, சுருக்கித் திருப்பித் தருபவை. கோயில் கோபுரத்தை எடுத்த போட்டோ என்றால் போகட்டும். விண்ணப்பத்துக்குத் தயார் செய்வது உங்கள் முகம், உங்கள் கையெழுத்து, உங்கள் பெருவிரல் ரேகை! மூன்றையும் அடுத்தடுத்து முன்பின் தெரியாத ஓர் இடத்துக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு நிமிட வேலைதான் எனும்போது.

ஜிம்ப் என்ற படத்திருத்த நிரலை வைத்திருப்பவர்கள் எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ரிவ்யூ காட்டு என்ற டிக்கைப் போட்டுக்கொண்டால் அங்கேயும் கே.பி. தெரியும். இர்ஃபான்வியூ என்ற நிரல் சொந்த உபயோகத்துக்கு இலவசம். 1996-லிருந்து இருக்கிறது. அதன் பிளகின் தொகுப்பையும் நிறுவிக்கொண்டால், சேமிக்கும்போது ‘எனக்கு 45 கே.பி. வேண்டும்’ என்று எண்ணையே கொடுத்துவிடலாம். மீதிக் கணக்கை அது பார்த்துக்கொள்ளும். கல்யாண வீட்டுப் போட்டோ நானூறு ஐந்நூறு என்று குவிந்து கிடந்தால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸை நிறுவிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் ஒரே அடியில் சுருக்கித் தனிப்பிரதியாக வைத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. சொந்தக்காரர்களுக்குக் காட்ட அது நன்றாகவே போதும், அளவையும் குறைத்து, படத்தில் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிடும். விண்ணப்பத்துக்கு வேண்டாம். எத்தனை கே.பி.யில் வரும் என்பது நம் கையில் இல்லை. தவிர, ஏற்கெனவே ஒருமுறை வகுத்து எறிந்த போட்டோவை நாம் திரும்பவும் வகுத்து எறிய வேண்டிவரும். ஒவ்வொரு முறை திறந்து, மாற்றி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சம் உதிரும். அசலை ஒரு ஃபோல்டரில் தொடாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

கையெழுத்து செய்யும் குறும்பு

போட்டோவை ஏற்றியாயிற்று என்று நிம்மதிப் பெருமூச்சு விடும்போதுதான் வருகிறது அடுத்த சிவப்பு எழுத்து: ‘ஃபைல் மிகவும் சிறியது.’ கையெழுத்தில் இது சர்வசாதாரணம். வெள்ளைத் தாளில் நாலு கோடு. பெரும்பாலான கட்டங்கள் சுவரைப் போல ஓசியில் வந்துவிடும். ஐ.பி.பி.எஸ். சொல்லும் 140-க்கு 60 பிக்சலுக்குக் குறைத்தால் 3 கே.பி., 4 கே.பி. என்று படுத்துவிடும். குறைந்தபட்சமோ 10! இப்போது நமக்கு வேண்டியது எதிர்த்திசைப் பயணம். குவாலிட்டியை 100-க்கு ஏற்றுங்கள், எல்லா வகுத்தலும் 1 ஆகிவிடும், தாளின் சொரசொரப்புகூட அறைகளில் ஏறி ஃபைல் கனக்கும். அப்போதும் போதவில்லையென்றால் அசலிலிருந்தே மறுபடி தொடங்கி, அகலம் உயரம் இரண்டையும் ஒரே விகிதத்தில் சற்றுப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம். சில படிவங்கள் பிக்சல் கணக்கிலும் கறாராக இருக்கும் என்பதால் அறிவிப்பை ஒருமுறை படித்துவிட்டுச் செய்வது நல்லது. போட்டோவிலும் இது நடக்கும். 200-க்கு 230 பிக்சல் என்பது வெறும் 46 ஆயிரம் புள்ளிகள். வெற்றுச் சுவரும் நல்ல வெளிச்சமும் சேர்ந்தால் 20 கே.பி.யைத் தொடாமல் கீழேயே நின்றுவிடும். அங்கேயும் மருந்து அதேதான்.

அறிவிப்பில் ‘200 டி.பி.ஐ.’, அதாவது அங்குலத்துக்கு 200 புள்ளி, என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்து அரண்டு போகிறவர்கள் உண்டு. ஸ்கேன் செய்யும்போது அதற்கு உண்மையான பொருள் இருக்கிறது. ஒரு தாளை 200-ல் ஸ்கேன் செய்வதற்கும் 600-ல் செய்வதற்கும் புள்ளிகள் ஒன்பது மடங்கு வித்தியாசம். போனில் எடுத்த போட்டோவிலோ அது ஃபைலின் நெற்றியில் ஒட்டியிருக்கும் குறிப்பு, அவ்வளவே. 72-ஐ 300 என்று மாற்றினாலும் ஒரு புள்ளிகூடக் கூடாது, ஒரு கே.பி.கூடக் குறையாது.

நெற்றி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு போட்டோவைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை நோட்பேடில் திறந்து பாருங்கள்! திரை முழுக்கக் கிறுக்கலாக வரும், பயப்பட வேண்டாம், சேமிக்காமல் மூடிவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் தொடக்கத்திலேயே, கிறுக்கலுக்கு நடுவில், ‘ஜே.எஃப்.ஐ.எஃப்.’ அல்லது ‘எக்ஸிஃப்’ என்ற ஆங்கில எழுத்துகள் தெளிவாகத் தெரியும். அது இருந்தால் ஜேபெக். ‘பி.என்.ஜி.’ என்று இருந்தால், ஃபைல் பெயரின் வாலை ஜேபிஜி என்று நீங்கள் மாற்றி வைத்திருந்தாலும், உள்ளே பி.என்.ஜி.தான். பெயரை மாற்றி ஏற்றியும் படிவம் ஏன் மறுக்கிறது என்பதற்குப் பதில் அந்த முதல் வரியிலேயே கிடக்கிறது. பி.என்.ஜி. எதையும் எறியாத நேர்மையான வடிவம், ஸ்கிரீன்ஷாட்டுக்கும் எழுத்துக்கும் அருமை. முகத்துக்கு ஜேபெக்கைவிடப் பல மடங்கு கனம். ஐபோன் ஹெச்.இ.ஐ.சி. வடிவில் சேமித்து வைத்திருந்தால் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று மாற்றிக்கொண்டு எடுங்கள், ஜேபெக்காகவே வரும்.

எக்ஸிஃப் பகுதியை இன்னும் கொஞ்சம் துழாவினால் போன் கம்பெனியின் பெயர், மாடல், எடுத்த தேதி, நேரம் எல்லாம் படிக்கும்படியே கிடக்கும். இடக்குறிப்பை அனுமதித்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் உள்ளே இருக்கும். அதோடு, போட்டோவுக்குள்ளேயே ஒரு குட்டிப் போட்டோவும் ஒளிந்திருக்கும், கேலரியில் சட்டென்று காட்டுவதற்காக! இந்த மூட்டை மொத்தமும் 64 கே.பி.க்குள் அடங்கும். 4 எம்.பி. ஃபைலில் அது ஒரு பொருட்டே இல்லை. நம் வரம்பு 50 கே.பி. எனும்போது பத்துப் பதினைந்து கே.பி. அங்கே போவது எவ்வளவு பெரிய நஷ்டம்! ஸ்க்வூஷ் வழியாக வந்தால் இது தானாகவே உதிர்ந்துவிடும். ஜிம்ப்பில் எக்ஸிஃப், தம்ப்நெயில் என்ற டிக்குகளை எடுத்துவிட வேண்டும். மிச்சமான அந்தக் கே.பி.க்களை முகத்துக்குக் கொடுங்கள், குவாலிட்டி ஸ்லைடர் நாலு படி மேலே ஏறும்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். 413-க்கு 531 என்று சுருக்கிய உங்கள் போட்டோவில் குறுக்கே 52, நெடுக்கே 67 என்று மொத்தம் 3,484 கட்டங்கள் இருக்கின்றன. ஐம்பது கே.பி.யை அத்தனைக்கும் பங்கிட்டால் கட்டத்துக்குப் பதினைந்து பைட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். 192 பைட் பிடிக்க வேண்டிய இடம் அது! அந்தக் கட்டங்களை நேரிலேயே பார்க்கலாம். போட்டோவை ஸ்க்வூஷில் போட்டு, குவாலிட்டியை 5-க்கு இழுத்து, நன்றாகப் பெரிதாக்குங்கள். கன்னத்தில் சதுரம் சதுரமாக எட்டுக்கு எட்டுகள் எழுந்து வரும். காதோரம் முடி கன்னத்தில் படும் இடத்தில் அலை அலையாக அழுக்குப் படிந்தது போல இருக்கும். அங்கிருந்து ஸ்லைடரைப் படிப்படியாக மேலே கொண்டுவாருங்கள். 20, 40, 60. எந்த எண்ணில் கன்னம் மறுபடி வழவழப்பாகி, முடியோரம் சுத்தமாகிறதோ அங்கே நிறுத்துங்கள். கீழ் மூலையில் கே.பி. எத்தனை என்று எழுதியிருக்கும். ஐம்பதுக்குள் இருந்தால் டவுன்லோடு பொத்தானை அழுத்திவிட்டு, அடுத்த ஃபைலாகக் கையெழுத்தை உள்ளே போடுங்கள்.